நித்திய வாலிபர் ஓய்வெடுக்கிறார்

1963ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள், புதன்கிழமை. கத்திரி வெயில் முந்தின நாளே விடைபெற்றுவிட்டபடியால், ஜவ்வாது மலையின்மீது காலையில் மெல்லிய மூடுபனி படிந்திருந்தது. பின்னர் ஆதவன் தோன்றினான். நண்பகலுக்குப் பிறகு சிறு தூறல் விழுந்து, மண்ணின் வாசனையும் பலாப்பழத்தின் வாசனையும் ஒன்றோடொன்று கலந்தன. தட்பவெப்பம் இவ்வாறு இனிதாக அமைந்த அந்நாளில், புதூர்நாட்டைச் சேர்ந்த முனியனாகிய நான், காலை முதல் மாலை வரை தமிழகத்தின் நித்திய வாலிபராகப் பணியாற்றினேன்.

அப்பணிக்கு நான் விண்ணப்பம் செய்யவில்லை. அது தானாகவே வந்து என் தலைமேல் அமர்ந்தது. அமர்ந்த வரலாறு பின்வருமாறு.

அதற்கு முந்தின வாரம், சென்னையிலிருந்து அகண்ட தீபம் பிக்சர்ஸ் என்னும் படக்கம்பெனியார், ஒரு காதல் படத்தின் வெளிப்புறக் காட்சிகளை எடுக்கும் பொருட்டு எங்கள் மலைக்கு எழுந்தருளினர். திருப்பத்தூரிலிருந்து ஏறிவந்த வாகனங்களை நானும் என் மனைவி செல்லியும் புளியமரத்தடியில் நின்று கண்டோம். முதலில் வந்த ஜீப்பில் பட்டுத் துணி போர்த்திய தகரப்பெட்டி ஒன்று தனியாக வீற்றிருந்தது. அது குலுங்காதபடி இருபுறமும் இருவர் அணைத்துப் பிடித்திருந்தனர். அடுத்த காரில் கம்பெனி அதிகாரிகள் வந்தனர். கடைசியாக வந்த லாரியில், விளக்குகளுக்கும் நாற்காலிகளுக்கும் நடுவே, சாக்குத் துணியால் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு ஒரு மனிதர் குந்தியிருந்தார்.

ஜீப்பில் வந்தது நட்சத்திர நடிகர் மதனசேகரின் தலைமுடி என்பதும், லாரியில் வந்தவர் மதனசேகர் என்பதும் பிறகே எனக்கு விளங்கின.

கம்பெனியார் தங்கிய வனத்துறைப் பங்களாவில் ஓடு வேய்ந்த அறை ஒன்றுதான் உண்டு. அது முடிக்கு ஒதுக்கப்பட்டது. மதனசேகருக்குப் பலாத்தோப்பின் ஓரத்தில் ஒரு கூடாரம் அடித்துக் கொடுக்கப்பட்டது. ஈரம் பட்டால் முடி கெட்டுவிடும் என்று இதற்குக் காரணம் கூறப்பட்டது. காரணம் சரியானதே. மனிதர் கெட்டுவிடுவாரா என்பது பற்றிக் காரணம் எதுவும் கூறப்படவில்லை.

இந்த ஏற்பாடுகளைச் செய்தவர் கோபால்சாமி. அவர் கம்பெனியின் கீர்த்திப் பாதுகாப்பு அதிகாரி. தம் எதிரே ஒருவர் நின்றாலும் ஆயிரவர் நிற்பதாகக் கருதியே அவர் பேசுவார். கூடியிருந்த ஊராரில் உயரமானவனாகிய என்னை அவர் விரலால் சுட்டி அழைத்தார்.

"நீ சினிமா பார்த்திருக்கிறாயா?"

"இல்லீங்க. ஒரு தபா திருப்பத்தூர்ல கொட்டாய் வாசல் வரைக்கும் போனேன். டிக்கெட்டு ஆயிப்போச்சின்னு வெரட்டிட்டாங்க."

"நல்லது! மிக நல்லது!" என்று அவர் என் தோளைத் தட்டினார். "அன்பனே, கேள். நித்திய வாலிபரின் தலையை முடியின்றிக் காண்பதற்கு இந்நாட்டில் எவருக்கும் உரிமை இல்லை. பதினேழு ஆண்டுகளாக அத்தலையைப் பாதுகாத்து வருகிற நானே அதைப் பார்த்ததில்லை. பார்க்காத காரணத்தினால்தான் என்னால் பாதுகாக்க முடிகிறது. ஆனால் குடை பிடிக்கிறவன் கூடாரத்துக்குள் போய்வர வேண்டும், கண்ணையும் திறந்து வைத்திருக்க வேண்டும். ஆகையால் சினிமா பார்க்காத ஒருவனைத் தேடினேன். நீ பார்த்தாலும், பார்த்தது இன்னதென்று உனக்குத் தெரியாது. அது பார்த்ததில் சேராது."

இங்ஙனம் நான் வேலையில் அமர்ந்தேன். காலையில் பங்களாவிலிருந்து கூடாரத்துக்கும், மாலையில் கூடாரத்திலிருந்து பங்களாவுக்கும் முடிப்பெட்டி செல்லும்போது, அதன்மேல் பட்டுக்குடை பிடித்து உடன் நடப்பது என் கடமை. பெட்டி வரும் வழியில் கம்பெனி ஊழியர் அனைவரும் எழுந்து நின்று பீடியை அணைத்தனர். முதல் நாள், விளக்குப் பிடிக்கும் ஒருவர் "முடி வருது, எழுந்திரு" என்று சொல்லிவிட்டார். கோபால்சாமி அவரைத் தனியே அழைத்து, "வருகிறார்கள் என்று சொல்" என்று திருத்தினார்.

அன்று மாலை நான் வீடு திரும்பியபோது செல்லி சாமை குத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னா வேல குட்த்தாங்க?"

"கொட புடிக்கற வேல."

"யாருக்கு?"

"முடிக்கு."

"யாரு தலைல கீற முடிக்கு?"

"தலைல இல்ல. பெட்டில கீது."

செல்லி உலக்கையைச் சுவரில் சாத்தினாள். "நம்ம வூட்டுக் கூரை ஒழுவுது. அதுக்கு ஒரு கீத்து எடுத்துச் சொருவ உனக்குக் கையி வர்ல. எவனோ செத்தவன் மயிருக்குக் கொட புடிக்கப் பொறப்ட்டியா? ஊர்ல யாராவது கேட்டா, ஆடு மேய்க்கறான்னு சொல்றேன். அதாவது மானமாக் கீது."

கூடாரத்துக்குள் நான் கண்டவற்றை இனிக் கூறுவேன். அங்கே வாணியம்பாடி ஹனீஃபா பாய் இருந்தார். மேக்கப் கலையில் வல்லவர். அவர் ஒவ்வொரு நாளும் காலையில் ஒரு நித்திய வாலிபரைக் கட்டி எழுப்புவார். கட்டட வேலையைப் போலவே அதுவும் அடியிலிருந்து தொடங்கும். முதலில் உயர்ந்த குதிகால் வைத்த பூட்சு, அடுத்து வயிற்றை உள்ளே தள்ளும் தோல்பட்டை, பிறகு பல்வரிசை, அதன்பின் முகத்தில் ரோஜா நிறப் பூச்சு, முடிவில் முடி. முடி ஏறியதும் ஹனீஃபா பாய் ஒரு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பிறகு கொசுவலைத் திரை விலகும், வெளியே கைதட்டல் எழும்.

வாலிபர் கட்டப்படுவதற்கு முன்பு அந்த நாற்காலியில் இருந்தவர் வேறு மனிதர். அவர் தலை பலாக்கொட்டையைப் போல் பளபளவென்று இருந்தது. கன்னம் தொங்கியது. இடது முழங்கால் வீங்கியிருந்தது. முன்பு ஒரு படத்தில் குதிரையிலிருந்து விழுந்தபோது அந்தக் கால் கெட்டதாம். வாலிபர் நொண்டலாகாது என்பதால், அந்த நொண்டலைப் புதுவகை நடை என்று கம்பெனி அறிவித்துவிட்டது. அதன்பின் தமிழகத்து இளைஞர்கள் ஊர் ஊராக அவ்வாறே நடக்கலாயினர். ஆகவே அவர் வைத்தியம் செய்துகொள்வதற்கும் வழியில்லாமல் போயிற்று.

அவர் பிறர் காணச் சாப்பிடக்கூடாது. அவர் பழரசத்தினாலும் காதலினாலும் மட்டுமே உயிர் வாழ்வதாகச் சுவரொட்டிகள் கூறின. அவர் பேசவும் கூடாது. படத்தில் அவருக்குக் குரல் கொடுப்பவர் வேறொருவர். இவர் வாயைத் திறந்தால் அந்தக் குரலுக்கு அவமரியாதை. எனவே அவர் கருத்துகள் யாவற்றையும் கோபால்சாமியே சிந்தித்துக் கோபால்சாமியே கூறிவந்தார்.

ஹனீஃபா பாயைத் தவிரக் கம்பெனியின் ஆட்கள் எவரும் கேட்டிராத மதனசேகரின் சொந்தக் குரலை நான் இரண்டாம் நாள் கேட்டேன்.

"தம்பி, உங்க வூட்ல இன்னா சோறு?"

எங்கள் பக்கத்துப் பேச்சு! நான் திடுக்கிட்டேன். "சாமைச் சோறுங்க."

"கொழம்பு?"

"புளிக்கொழம்புங்க. மொச்சக்கொட்ட போட்டது."

அவர் கண்களை மூடிக்கொண்டார். வெகுநேரம் திறக்கவில்லை.

மறுநாள் முதல், பட்டுக்குடையை மடக்கி, அதன் வயிற்றுக்குள் ஒரு சோற்று மூட்டையை வைத்து நான் கூடாரத்துக்குக் கொண்டுபோனேன். அவர் உண்பதைப் பார்க்கிறவர்களுக்கும் பசி எடுக்கும். உண்ணும்போது அவர் சொல்லியவற்றிலிருந்து நான் அறிந்தவை இவை: அவருடைய இயற்பெயர் அருணகிரி. திருப்பத்தூரில் மாட்டுவண்டி ஓட்டியவரின் மகன். சாந்தம்மாள் என்னும் மனைவியும் முத்தம்மாள் என்னும் மகளும் அவருக்கு உண்டு. கணவர் பினாங்கில் வியாபாரம் செய்வதாகச் சாந்தம்மாள் தெருவில் உள்ளவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை இவர் மூட்டைகளோடு மூட்டையாகப் போய் அவர்களைப் பார்த்துவிட்டு வருவார். மற்ற நாட்களில் அவர்கள் கொட்டகையில் தரை டிக்கெட்டு வாங்கி இவரைப் பார்ப்பார்கள்.

"பொண்ணு சின்னப் புள்ளையா இருக்கசொல்ல, திரையக் காட்டி அப்பான்னு கத்திட்டா. பக்கத்துல இருந்த பொம்பளைங்கல்லாம் சிரிச்சாங்களாம். அதுக்கப்பால அவ கத்தல" என்று அவர் சொல்லிவிட்டு, இலையில் ஒட்டியிருந்த பருக்கையை விரலால் எடுத்தார்.

அந்த முத்தம்மாளுக்குத்தான் மே மாதம் இருபத்தொன்பதாம் நாள் திருப்பத்தூரில் திருமணம். எங்கள் பக்கத்தில், பெண்ணைப் பெற்றவன் தாரை வார்க்க வேண்டும். அஃதாவது, அவன் கையிலிருந்து வழியும் தண்ணீர் மாப்பிள்ளையின் கையில் விழுந்த பிறகே தாலி ஏறும். மாப்பிள்ளையின் தந்தை கண்டிப்பானவர். "பெத்தவன் கைத்தண்ணி உழணும். பினாங்கு இன்னா, சந்திரமண்டலத்துல இருந்தாலும் வர்ணும். வர்லன்னா அப்பிடி ஒரு ஆளே இல்லன்னு அர்த்தம். பந்தல்லயே எழுந்துக்குவோம்" என்று அவர் சாந்தம்மாளிடம் சொல்லிவிட்டார்.

ஒருநாள் விடுப்பு வேண்டும் என்று ஹனீஃபா பாய் மூலமாக மதனசேகர் கேட்டார். அதன் விளைவாகக் கம்பெனியின் அவசரக் கூட்டம் ஒன்று பலாத்தோப்பில் நடைபெற்றது. நித்திய வாலிபர் முழு அலங்காரத்தோடு கொசுவலைக்குள் அமர்த்தப்பட்டார். அவருடைய முடிக்கு நான் குடை பிடித்தேன்.

கோபால்சாமி எழுந்து பேசினார்.

"கலை அன்பர்களே! நம் வாலிபருக்கு வயது இருபத்திரண்டு. சென்ற ஆண்டும் இருபத்திரண்டு. வரும் ஆண்டும், கம்பெனியின் அருளால், இருபத்திரண்டு. அவருக்குப் பத்தொன்பது வயதில் ஒரு மகள் இருந்தால், அவர் மூன்றாவது வயதில் தந்தையானார் என்று ஏற்படும். நம் நாட்டில் பள்ளிக்கூடங்கள் பெருகி வருகின்றன. சிறுவர்கள்கூடக் கழித்துப் பார்த்துவிடுவார்கள். ஆகவே மகள் இல்லை. மகள் இல்லாதபோது திருமணம் எங்கிருந்து வரும்? ஆயினும், கம்பெனிக்கு இதயம் உண்டு!"

எல்லோரும் கைதட்டினர்.

"ஒரு பாமரப் பெண்ணின் திருமணத்துக்கு நம் வாலிபர் தற்செயலாக எழுந்தருளலாம். முரசு முழங்கட்டும். புகைப்படக்காரர்கள் வரட்டும். மணப்பெண் அவரைக் கண்டதும் மற்ற பெண்களைப் போல மயங்கி விழட்டும். தமக்கு ஏற்ற மங்கையை இன்னும் காணவில்லை என்று வாலிபர் நாணத்தோடு அறிவிக்கட்டும். தாரை வார்ப்பதற்குத் தந்தை வேண்டுமென்றால், அதையும் கம்பெனியே வழங்கும். நம் படங்களில் இவருக்குத் தந்தையாக நடிப்பவர் இருக்கிறார். அவருக்கு வயது முப்பத்தைந்து. நரை ஒட்டிவிட்டால் போதும். அவர் கையால் வார்த்தால் தண்ணீர் கீழே விழாதா?"

அப்போது படத்தின் டைரக்டர் எழுந்து ஒரு திருத்தம் கூறினார். இருபத்தொன்பதாம் தேதி நல்ல முகூர்த்த நாளாக இருப்பதால், அதே நாளில் இந்தத் தோப்பில் கதாநாயகனின் திருமணக் காட்சியை எடுப்பதாக முன்பே முடிவாகியிருந்தது. மணமகளாக நடிக்கும் பெண்ணுக்குப் பதினேழு வயது. கோபால்சாமி மகிழ்ந்தார். "பாருங்கள்! அவர் அங்கே தாரை வார்க்க முடியாமைக்குத் தகுந்த காரணமும் கிடைத்துவிட்டது. அவர் இங்கே தாலி கட்டுகிறார்!"

விடுப்பு இல்லை, திருமண வீட்டுக்கு எவரும் போகவேண்டியதில்லை என்னும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கொசுவலைக்குள் இருந்தவரின் ஒரு மனம் அதில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. அவர் கன்னத்தில் வழிந்த நீரைக் கண்ட டைரக்டர், "இந்த முகபாவம் புதன்கிழமைக்கும் இருக்கட்டும்" என்றார்.

கூட்டம் கலைந்தது. முடி பங்களாவுக்குத் திரும்பியது. அருணகிரி, தோல்பட்டையையும் பல்லையும் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு பழைய துண்டோடு கூடாரத்தின் பின்புறம் போய்ப் பாறைமேல் அமர்ந்தார். அவ்வழியே முடியின் ஜீப்பை ஓட்டும் முக்தார் அகமது தண்ணீர்க் குடத்தோடு வந்தார்.

"யோவ் பெருசு! யார்யா நீ? இங்க இன்னா வேல?"

அருணகிரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உள்ள யார் கீறாருன்னு தெர்யுமா? மதனசேகர்! எழுந்து அப்பால போ. எம் பொஞ்சாதி ரபியா அவரு படத்த ஒண்ணு உடல. நான் அவரு ஆளு. அவரு நெழலு போனாக்கூட நான் கண்டுபுடிச்சிடுவேன். உன்ன மாதிரி மொட்டைங்க வந்து குந்திக்கினா அவருக்குப் பேஜார்."

அருணகிரி மெல்ல நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "பாய், திருப்பத்தூர் போவணும். பொண்ணு கல்யாணம்."

முக்தாரின் குரல் உடனே தணிந்தது. "அட, அத மொதல்ல சொல்லக் கூடாதா? புதன்கெழம விடிகாலைல காய்கறி வாங்கப் போறேன். பின்னால குந்திக்கோ. திரும்பறப்போ உன் கையால ஒரு லட்டு குட்த்துடு."

முக்தார் போன பின்பு, கூடார மறைவில் நின்று கேட்டிருந்த ஹனீஃபா பாயும் நானும் அருணகிரியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஹனீஃபா பாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அண்ணே, பதினேழு வருசமா உங்களுக்கு வேஷம் போட்டேன். உங்க சொந்த மூஞ்சியவிட நல்ல வேஷம் ஒண்ணு எனக்குத் தோணவே இல்லியே!"

பிறகு இருவரும் என் உயரத்தைப் பார்த்தனர்.

"நானாங்க? எனக்கு நடிக்க வராதுங்க" என்றேன்.

"எனக்கு மட்டும் வர்துதா தம்பி?" என்றார் அருணகிரி. "சும்மா குந்து. மிச்சத்த முடி பாத்துக்கும்."

புதன்கிழமை விடியலில் மூடுபனிக்குள் ஜீப் புறப்பட்டது. அருணகிரி வெள்ளை வேட்டியும் சட்டையும் உடுத்து, காலி கூடைகளின் நடுவே ஏறிக்கொண்டார். "பந்தல்ல அவங்க எழுந்துக்கறதுக்குள்ள போய்டணும் பாய்" என்று மட்டும் முக்தாரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அதே நேரத்தில் கூடாரத்துக்குள் நான் கட்டப்பட்டேன். முடி என் தலையில் ஏறியதும் ஹனீஃபா பாய் வழக்கம்போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "யா அல்லா" என்றார். திரை விலகியது. கைதட்டல் எழுந்தது.

ஒருவரும் ஐயுறவில்லை. "இன்றைக்கு வாலிபரின் முகத்தில் தனி ஒளி" என்று கோபால்சாமி அறிவித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காததை அவர் ஆமோதிப்பாகக் கொண்டார். காலை உணவாக ஒரு குவளை ஆரஞ்சுச் சாறு வந்தது. அதைக் குடித்துவிட்டு, உணவுக்காகக் காத்திருந்தேன். அதுவே உணவு என்பது பிறகே தெரிந்தது. மற்றவரின் பட்டினியை நான் அன்று முதன்முறையாகப் பட்டினி கிடந்து அறிந்தேன்.

தோப்பில் மணமேடை ஆயத்தமாக இருந்தது. மணமேடையில் பூட்சு ஆகாது என்று டைரக்டர் சொல்லிவிட்டதால், நான் வெறுங்காலோடு உட்கார்த்தி வைக்கப்பட்டேன். கயிற்றுக்கு அப்பால் மலைக்கிராமத்தார் திரண்டு நின்றனர். மணமகளாக நடித்த பெண் என் பக்கத்தில் அமர்ந்தாள். தாலியை வாங்குவதற்காக நான் கையை நீட்டினேன். அவள் என் உள்ளங்கையைப் பார்த்தாள். மண்வெட்டியின் காய்ப்பு அங்கே இருந்தது.

"அண்ணே, யாரு நீங்க?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

"முனியன்மா. கொட புடிக்கறவன்."

"அவரு?"

"பொண்ணு கல்யாணத்துக்குப் போய்க்கீறாரு."

அவள் கண்கள் விரிந்தன. சிரிப்பை அடக்குவதற்காகத் தலையை நன்றாகக் குனிந்துகொண்டாள். "ஆகா, என்ன நாணம்!" என்றார் டைரக்டர்.

காமிரா ஓடத் தொடங்கியது. முதல் முடிச்சைப் போட்டேன். இரண்டாம் முடிச்சைப் போட்டேன். அப்போது கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

"அய்ய! அந்தக் காலு! கட்ட வெரல்ல கோடாலிக் காயம்!"

செல்லி! கயிற்றின்மேல் சாய்ந்து, இடுப்பில் கை வைத்து, என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டியவள் அவளே. முகத்தில் எவ்வளவு பூசினாலும், காலுக்கு யாரும் எதுவும் பூசுவதில்லை.

எங்கள் மலையில் தாலிக்கயிறு என்றால் தாலிக்கயிறுதான். அதை விளையாட்டுக்குக் கட்டுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. இரண்டு முடிச்சு வரைக்கும் அது எனக்குத் தோன்றவில்லை. செல்லியைக் கண்டதும் தோன்றிவிட்டது. என் விரல்கள் நின்றுவிட்டன, நடுங்கின.

"மூணாவது முடிச்சு மட்டும் உழட்டும்! நீ எந்த வூட்டுக்குப் போறேன்னு பாத்துர்றேன்! கட்னவ ஒருத்தி கல்லு மாதிரி நிக்கறேன், உனக்கு இன்னொருத்தி கேக்குதா?"

நான் கயிற்றை விட்டுவிட்டேன். மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டேன், செல்லியைப் பார்த்து.

பிறகு கோபால்சாமி மேடைமேல் ஏறினார். அவர் கண்களில் நீர் ததும்பியது.

"கண்டீர்களா, அன்பர்களே! கொட்டகையே இல்லாத இம்மலையில், எழுத்தறியாத ஒரு மங்கையால்கூட நம் வாலிபரின் திருமணத்தைத் தாங்க முடியவில்லை! தன்னையே அவருடைய மனைவியாக எண்ணிக் கதறுகிறாள்! இதைவிட என் பாதுகாப்புக்கு வேறு நற்சான்று வேண்டுமா?"

டைரக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தாலி கட்டத் துணியாமல் கை நடுங்குகிற நடிப்பைத் தாம் இதுவரை கண்டதில்லை என்றும், கதையையே அதற்கேற்ப மாற்றிவிடுவதாகவும், நாயகன் திருமணத்தைத் துறந்து நித்திய வாலிபராகவே இருந்துவிடுவான் என்றும் அறிவித்தார். கம்பெனியார் மீண்டும் கைதட்டினர். செல்லியைக் காவலாளி ஒருவர் மரியாதையோடு அழைத்துச் சென்று அவளுக்கு ஒரு சோடா கொடுத்தார். அவள் சோடாவைக் குடித்தபடியே என்னை ஏசினாள். அருகே சென்ற ஹனீஃபா பாய் அவள் காதில் நடந்ததைச் சொன்னார். அதன்பின் அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கியது எனக்குத் தெரிந்தது.

நண்பகலுக்குப் பிறகு, முன்பே கூறியவாறு, தூறல் விழுந்தது. நாங்கள் போட்ட திட்டம் அங்கேதான் பிசகியது. அருணகிரி திரும்பி வந்து கூடாரத்தின் பின்வழியாக நுழைய வேண்டும், நாங்கள் இருவரும் இடம் மாறிக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். ஆனால் முடி நனையலாகாது. கோபால்சாமி முடியை உடனே பங்களா அறைக்குக் கொண்டுபோகும்படி ஆணையிட்டார். முடி என் தலையில் இருந்தமையால் நானும் கொண்டுபோகப்பட்டேன். அறைவாசலில் அவரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே நான் ஜன்னலருகே அமர்ந்து மலைப்பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் போய்ச் சேர்ந்தாரா? முகூர்த்தத்துக்குள் போனாரா? அவர்கள் பந்தலிலிருந்து எழுந்துவிட்டார்களா?

ஜீப் வந்து நின்றது. அருணகிரி இறங்கினார். கூடாரம் காலியாக இருப்பதைக் கண்டுவிட்டு, நேரே பங்களாப் படிகளில் ஏறி வந்தார். வழுக்கைத் தலையில் குளிரக் குளிரச் சந்தனம் பூசியிருந்தது. வேட்டியின் முன்பக்கம் மஞ்சள் கறை படிந்திருந்தது. சட்டையின் வலக்கை முழங்கை வரை நனைந்து இன்னும் காயாமல் இருந்தது. தூறலில் நனைந்திருந்தால் இரு கைகளும் நனைந்திருக்கும். எனக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் விழுந்துவிட்டது!

"யார் நீ?" என்றார் கோபால்சாமி.

"உள்ள போவணுங்க."

"யாரைக் காண?"

அவர் சிறிது யோசித்தார். "மதனசேகரங்க."

"அவர் உனக்கு என்ன வேண்டும்?"

"ரொம்ப வேண்டியவருங்க."

கோபால்சாமி பெருந்தன்மையோடு சிரித்தார். "எல்லோரும் இப்படித்தான் சொல்கிறார்கள். பெரியவரே, உமக்கு வயது என்ன?"

"நாப்பத்தொம்பதுங்க."

"அவருக்கு இருபத்திரண்டு. உமக்கும் அவருக்கும் என்ன பொருத்தம்? இது என்ன, தலையில் சந்தனம்?"

"பொண்ணுக்குக் கல்யாணங்க. காலைல ஆச்சி."

"பார்த்தீரா! மகள் என்கிறீர், கல்யாணம் என்கிறீர், இந்த வயதில் மலையேறி அலைகிறீர். உமக்கு எத்தனை தொல்லை! உள்ளே இருப்பவருக்கு ஒரு தொல்லையும் இல்லாதபடி கம்பெனி பார்த்துக்கொள்கிறது. மனைவி இல்லை, மக்கள் இல்லை, பசி இல்லை, முதுமை இல்லை, பேச்சு இல்லை. ஒன்றுமே இல்லாத பாக்கியவான்!"

"அதாங்க," என்றார் அருணகிரி, "பாவங்க அவரு."

அவர் வாயைத் திறந்து இன்னும் ஏதோ சொல்ல முற்பட்டார். அவ்வேளையில் ஜன்னல் வழியாக என்னைக் கண்டார். ரோஜா நிற முகமும் சுருள் முடியுமாக நான் உட்கார்ந்திருந்தேன். பதினேழு ஆண்டுகள் அவர் தாமாக இருந்த அந்த உருவத்தை அவர் வெளியிலிருந்து பார்ப்பது அதுவே முதல்முறை. நான் மெல்லக் கையை உயர்த்தி முடியைத் தொட்டேன். கழற்றட்டுமா என்று கண்ணால் கேட்டேன்.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். தம் தலையைத் தடவினார். விரலில் வந்த சந்தனத்தை நோக்கினார். பிறகு, வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

கையில் இருந்த தாம்பூலப் பையைக் கோபால்சாமியிடம் நீட்டினார். "இத அவரு கைல குட்த்துடுங்க. கல்யாணம் நல்லபடியா ஆச்சின்னு சொல்லுங்க. பொண்ணு எல்லாரும் கேக்க அப்பான்னு கூப்ட்டான்னு சொல்லுங்க."

"ரசிகர்களின் காணிக்கை" என்று சொல்லிப் பையை என்னிடம் கொடுத்தார் கோபால்சாமி.

அருணகிரி படியிறங்கி, இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். விளக்குக்காரர் ஒருவர், "சார், அந்தக் கெழவன் நடைய பாருங்க! அப்படியே மதனசேகர்!" என்று கூவினார். கோபால்சாமி பெருமிதத்தோடு தலையசைத்தார். "கிழவர்களும் பின்பற்றத் தொடங்கிவிட்டார்கள்."

நான் முடியைக் கழற்றினேன். பெட்டியில் வைத்தேன். பெட்டியை மேசைமேல் வைத்து, அதன்மேல் பட்டுக்குடையையும் விரித்து நிறுத்தினேன். என் கடமையில் குறை வைக்க எனக்கு மனமில்லை. தாம்பூலப் பையோடு வெளியே வந்தேன்.

"யார் நீ? உள்ளே எப்படி நுழைந்தாய்?" என்று கோபால்சாமி துள்ளி எழுந்தார்.

"முனியனுங்க. கொட புடிக்கறவன்."

"வெளியே போ! இனி உனக்கு இங்கே வேலையில்லை. வாலிபர் ஓய்வெடுக்கும் அறைக்குள்ளா நுழைவது?"

"உள்ள யாரும் இல்லீங்க. முடி மட்டுந்தான் கீது."

அவர் விரலை உதட்டில் வைத்தார். "மெதுவாகப் பேசு," என்றார், "எழுந்துவிடப் போகிறார்கள்."

பிறகு எட்டிப் பார்க்காமலேயே, ஓசை எழாதபடி கதவைச் சாத்தினார். கம்பெனியார் அனைவரும் எழுந்து நின்று பீடியை அணைத்தனர்.

அருணகிரியைத் திருப்பத்தூரில் விட்டுவரப் புறப்பட்ட ஜீப்பில் நான் ஓடிப்போய் ஏறினேன். செல்லி எனக்கு முன்பே ஏறி, லட்டுத் தின்றுகொண்டிருந்தாள். முந்தானையைத் தூறலில் நனைத்து என் முகத்து ரோஜா நிறத்தை அழுத்தித் துடைத்தாள். "வூட்டுக் கூரைய நாளைக்கு வேயறியா, இல்ல, அதுக்கும் ஒரு முடி வெச்சாத்தான் கைய தூக்குவியா?" என்றாள். பக்கத்தில் அருணகிரி கண் மூடிச் சாய்ந்திருந்தார். முக்தார் ஒரு கையால் ஜீப்பைக் கிளப்பிக்கொண்டே, "பெருசு, மனசு உடாத," என்று அவரைத் தேற்றினார். "மதனசேகர பாக்க உடலன்னா இன்னா? இன்னொரு நாளு நானே இட்டுனு போயி, பக்கத்துல நிக்க வெக்கறேன்."

அப்போது மணி, மாலை நான்கு அடித்துப் பத்து நிமிடம்.